உன் அத்தைக்குத் திமிர் இல்லை

ஊர்: புக்கிட் காத்தில்

அன்பு மகன் விமலனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம்தான், பெர்த்தில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். எழுத்து பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறதே என்று சிரிக்காதே, தடித்த மார்க்கர் பேனாவில் எழுதினால்தான் எனக்குத் தெரிகிறது, வரி கோணிக்கொண்டு போனால் நீதான் தலையைச் சாய்த்துப் படிக்கவேண்டும். போனில் சொல்லலாம், ஆனால் உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவேன், அவ்வளவு வெட்கமாக இருக்கிறதப்பா.

என் கண்ணில் இருப்பது நாம் நினைத்த மாதிரி புரை இல்லை. விழிக்குள்ளே நடுப்பார்வைக்கு உள்ள இடம் வயதாக ஆகத் தேய்ந்துபோகிறதாம். யாரைப் பார்த்தாலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு, சுற்றிலும் காதும் தோளும் மட்டும் தெரியும். அதனால் ஆளை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்க்கிறேன், அப்போதுதான் முகம் ஓரத்தில் வந்து மாட்டுகிறது. ஒரு கண்ணுக்கு ஊசி போடுகிறார்கள், நீ பயப்படாதே. சிகரெட் பிடிப்பீர்களா என்று டாக்டரம்மா கேட்டார், காலமெல்லாம் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா அது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றும் கேட்டார், எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் காய்கறி வாங்கப் போன பாசாரில், பக்கத்து வீட்டுக் கோகுலராஜ் மாமா எதிரே வந்து கும்பிட்டிருக்கிறார், நான் அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு போய்விட்டேன். கூட வந்த அம்மா, உங்க அக்கா மாதிரியே பாக்க ஆரம்பிச்சிட்டீங்க, அதே திமிரு லா, என்று கேலி செய்தாள். அக்காவுக்கும் இதே கண்ணோ என்று அப்போதுதான் உறைத்தது. உன் கல்யாணத்தில், லூபோக் சீனாவில் இருக்கும் என் அக்கா, உன் குஞ்சம்மா அத்தை, உன் மாமனார் கும்பிட்டதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனது உனக்கு நினைவிருக்கும். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் திமிர் பிடித்தவள் என்று நான் கத்தியதும் அவள் சாப்பிடாமலே எழுந்து போனதும் நினைவிருக்கும். அதோடு நான் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு லூபோக் சீனாவுக்குப் போனேன். வாசலில் அக்கா என் காதைப் பார்த்தாள், நான் அவள் கொண்டையைப் பார்த்தேன், குரலை வைத்துத்தான் என்னைத் தெரிந்துகொண்டாள். காலில் விழப்போனேன், விடவில்லை. கல்யாணத்தப்பவே கண்ணு சரியில்ல தம்பி, சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா குருட்டு வம்சம்னு பேசுவாங்கன்னு வாயைத் திறக்கல, என்றாள். உனக்காகத்தான் அந்தக் கெட்ட பேரை வாங்கிக்கொண்டாள்.

ரத்தத்தில் வருவதை நான் உனக்குக் கொடுத்திருந்தால் மன்னித்துவிடு. சிகரெட் மட்டும் நீ என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, அதை இன்றைக்கே விடு. கீரையும் மீனும் நிறையச் சாப்பிடு, நல்ல டாக்டரிடம் கண்ணைக் காட்டு.

இன்னொன்றை எழுதாமலே முடிக்கப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம், உடனே கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், சிகரெட்டை விடச் சொல்லுங்கள் என்று அக்காவின் டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன் தம்பி என்றாள். போனில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு, கையில் சிகரெட்டோடு, மணி அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தவன் நான்.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, கண்ணைக் காட்டினாயா என்று கேட்பேன். என்மேல் கோபமே வந்தாலும் போனை எடுத்துவிடு அய்யா.

இப்படிக்கு,
உன் அப்பா சேகரன்