இருபத்திரண்டு வருஷம் தொடாத வால்வு

அன்பு மகள் சிக்னிக்கு,

டுலூத்தில் நானும் அப்பாவும் சுகம். நாம் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் தண்ணீர் மெயின் வால்வுக்குத்தான் சுகமில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது. பீனிக்ஸ் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

அங்கே குடியிருக்கும் டார்லா, சமையலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டுகிறது என்று போன வாரம்தான் வாயைத் திறந்தாள், தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று இருந்தாளாம். அதைச் சரிசெய்யத் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று அப்பா நிலவறைக்கு இறங்கினார். அந்த வால்வில் 'தொடாதீர்கள்' என்று அவரே அட்டை எழுதிக் கட்டியிருந்தார் அல்லவா, இருபத்திரண்டு வருஷம் யாரும் தொடவில்லை, அவர் உட்பட. துருவேறி இறுகிப்போயிருந்தது. விடுவாரா, பைப் ரெஞ்சைப் போட்டு முழு பலத்தோடு திருகினார். கைப்பிடி தண்டோடு கையில் வந்துவிட்டது, தண்ணீர் முகத்துக்கு வந்துவிட்டது. டார்லா எனக்குப் போன் செய்து, "ஒண்ணும் அவசரமில்லீங்க ஆர்டிஸ், சும்மா காதுல போட்டு வைக்கலாம்னுதான். உங்க வீட்டுக்காரர் ஆர்வில் கொஞ்சம் நனைஞ்சிருக்காரு" என்றாள். நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் என்றால் முழங்கால் அளவு என்று தெரிந்து காரை எடுத்தேன். போய்ப் பார்த்தால் அவள் படியில் நின்று அவருக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் உடைந்த இடத்தில் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி, அதன்மேல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "பரவால்ல, கட்டுக்குள்ளதான் இருக்கு" என்கிறார். நாற்பத்து மூன்று வருஷமாக நம் வீட்டில் பிளம்பர் என்பது கெட்ட வார்த்தை, உனக்கே தெரியும், அதனால் நான் வாளியைத்தான் தேடினேன். அவரே என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே என்னால பிடிக்க முடியல ஆர்டிஸ். பிளம்பரக் கூப்பிட்டுடு" என்றார்.

இதைக் கேட்கத்தானே இத்தனை காலம் காத்திருந்தேன். கேட்டதும் பயந்துவிட்டேன் சிக்னி. வந்த பிளம்பர் தெருவோர மூடியைத் திறந்து வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்தி, அரை மணியில் புது வால்வு போட்டுவிட்டார். போகும்போது, "டேப்பு நல்லாத்தான் சுத்தியிருக்கீங்க சார்" என்று மரியாதைக்குச் சொன்னார், அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஐந்து நாளாகக் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. நேற்று நம் வாசல் கதவு கிறீச்சிட்டது, எண்ணெய் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. கடவுள் உன்னையும் உன் வீட்டுக் குழாய்களையும் காக்கட்டும். ஞாயிறு போன் செய்யும்போது என்னோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதே. அப்பாவைக் கூப்பிட்டு, ஏதோ ஒழுகுகிறது, என்ன செய்யட்டும் என்று கேள். ஒன்றும் ஒழுகாவிட்டாலும் கேள்.

உன் அம்மா,
ஆர்டிஸ்