புனிதருக்குக் கொடுத்த வள்ளம்

1927 நவம்பர் 6

எங்கள் கொமீஷா துறையில் காலையிலிருந்து தென்காற்று. மத்திப் பீப்பாய்களுக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே வள்ளம் ஓட்டி மீன் பிடிக்கிற குஸ்மா அந்த வழியாகப் போனான். தலையில் புதுத் தொப்பி. மத்தி பிடிக்க எல்லா வள்ளங்களும் பந்தயம் கட்டி ஓடுகிற பலாக்ருஷா தீவுக்கு இந்த வருஷமும் முதலில் போய்ச் சேர்ந்தவன் அவன்தான். அங்கே இருப்பதோ கையளவு கரை. முந்தியவன் நல்ல இடம் பிடித்து, மீனுக்கு உட்கார்ந்து உப்புப் போடுவான். பிந்திய நான் வள்ளத்துக்குள்ளேயே குந்திக்கொண்டு மீன்தலை கிள்ளினேன். ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

நவம்பர் 13

பூசையில் பங்குச் சாமி அறிவித்தார். கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலாஸ் திருநாளன்று கோவில் முன்னால் எரிக்கப்போவது குஸ்மாவின் அப்பா ஓட்டிய வள்ளமாம். வருஷாவருஷம் ஏதோ ஒரு கிழட்டு வள்ளத்தைத்தான் எரிக்கிறோம். ஆனால் அன்றைக்கு ஊரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும். அந்த மரியாதையும் அவனுக்கா? நண்டு குடியிருக்கிற அந்த ஓட்டைக்கா?

வயிறு எரிகிறது.

நவம்பர் 14

தூக்கமே இல்லை.

நவம்பர் 20

சாமியிடம் போனேன். "புனிதருக்கு உளுத்த கட்டையா குடுக்கறது சாமி? என் வள்ளத்த எடுத்துக்கோங்க." வாயை விட்டு வந்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

சாமி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யெர்கோ, அது இன்னும் ஓடுதேப்பா."

"ஓடறதக் குடுத்தாத்தானே சாமி காணிக்கை?"

மதுக்கடையில் ஆளாளுக்கு எனக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். குஸ்மா மட்டும் பக்கத்தில் வந்து, "ஒரு தடவ யோசிச்சுக்கடா" என்றான். பொறாமை! அவனுக்கு என்மேல் பொறாமை!

நவம்பர் 21

விஷயம் டொன்காவுக்குத் தெரிந்துவிட்டது. கட்டினவள் கேட்க மாட்டாளா? "அவன் வீட்டுல எரியப்போனது குப்ப. நம்ம வீட்டுல எரியப்போறது சோறு. புத்தி எங்க போச்சு உங்களுக்கு?"

 கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கலாமா? வாங்கினால் குஸ்மா சிரிப்பானே.

டிசம்பர் 6

எரிந்தது. மேட்டுக் கோவில்வரை ஊரே தோள் கொடுத்துத் தூக்கியது, குஸ்மாவும்தான். நல்ல மரம், லேசில் பற்றவில்லை. தொப்பிகள் கழன்றன. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ராஜா மாதிரி இருந்தது.

அப்புறம் வழக்கப்படி, அடுத்துக் கட்டப்போகும் வள்ளத்தின் அடிமரத்தில் வைக்க ஒரு பிடி சாம்பல் எடுத்தார்கள். அடுத்து வள்ளம் கட்டுவது யார்? வேறு யார்— அவன்தான்.

1928 ஜனவரி 15

வலை இருக்கிறது. வள்ளம் இல்லை.

மார்ச் 11

டொன்கா உப்புக் கொட்டகைக்குக் கூலிக்குப் போகிறாள். கையெல்லாம் வெடிப்பு. ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். திட்டியாவது தொலைக்கலாம்.

சாயங்காலம் குஸ்மா வாசலில் வந்து நின்றான். "புது வள்ளத்துல ஒரு துடுப்புக்கு ஆள் வேணும். வர்றியா?"

அவன் வள்ளத்தில், அவன் சொல் கேட்டு, நானா? "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

உள்ளேயிருந்து டொன்கா, "வருவாரு" என்றாள்.

மே 17, பலாக்ருஷா

பந்தய வெடி போட்டதும் கிளம்பினோம். பாதியில் காற்று செத்தது. அதன் பிறகு முழுக்கத் துடுப்புத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

முதலில் வந்தது நாங்கள்தான். ஆயுசு முழுக்க நான் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

வள்ளத்துக்காரன்தான் முதலில் கரையில் குதிப்பான், அதுதான் முறை. வள்ளத்தின் அடி கரைக் கல்லில் தட்டியதும் குஸ்மா கயிறு தேடுகிற சாக்கில் பின்னால் நகர்ந்தான். "எறங்குடா யெர்கோ. மொதல்ல நீ."

குதித்தேன். எல்லார் முன்னாலும் அழுதேன்.

உப்புப் பீப்பாய்களை இறக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா? மாட்டேன். அந்த மனசும் அவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

அதைப் பார்த்தாலும் பொறாமையாகத்தான் இருக்கிறது.