உங்கள் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு

என்ர அப்பா,

நான் தீயணைப்பாளர் ஆகிவிட்டேன். இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்தே பயிற்சி முடிந்துவிட்டது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. என்னை அடுப்புப் பக்கமே அண்ட விடாதவர் நீங்கள்.

பிளாக்டவுனில் நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் ஏறிய தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் என் பொறியியல் படிப்பைப் பற்றித் தெரியும். அந்தப் படிப்போடு மெல்பேர்னில் ஓர் அலுவலகத்தில் இருந்து, கட்டடங்களின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஏன் என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்? ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது என் கைகளுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. போர்வையைச் சரிசெய்தேன். திரும்பவும் சரிசெய்தேன். இன்னொரு முறை யாருக்காவது ஏதாவது நடக்கும்போது என் கைகளுக்கு வேலை இருக்க வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது.

பயிற்சியில் ஒருநாள் புகை நிரப்பிய கட்டடத்துக்குள் தவழ்ந்து போனோம். கண் திறந்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை. முகமூடிக்குள் என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. கட்டிலுக்கடியில் கிடந்த பொம்மை ஒன்றை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஓர் ஆணின் எடை அதற்கு. கடைசி மாதங்களில் உங்களைத் தூக்கி இருத்தியபோது நீங்கள் அதைவிட இலேசாக இருந்தீர்கள்.

பயிற்சி நிறைவு விழாவுக்கு அம்மா வரவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை என்றார். இருக்கலாம்.

சொல்ல வந்தது வேறு. உங்கள் விளக்கைப் பற்றி.

உங்கள் செத்தவீடு முடிந்து நான் மெல்பேர்னுக்குப் புறப்பட்டபோது எங்கள் வீட்டு ஹாலில் உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும்தான் என்றார்கள். பயிற்சிக்காகப் பென்டில் ஹில்லில் உள்ள அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றும் அது எரிந்தது. இப்போதும் எரிகிறது. பக்கத்தில் ஜன்னல், ஜன்னலில் திரைச்சீலை. அம்மா வேலைக்குப் போகிறார், நான் தீயணைப்பு ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஆளில்லாத வீட்டில் நீங்களும் அந்தச் சுடரும்.

எரியும் சுடரை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் என் வேலைதான், அப்பா.

போன கிழமை அப்படி ஒரு தமிழ் வீட்டுக்குப் புகை அலாரம் பொருத்தப் போனோம். நானும் என்னோடு வேலை செய்யும் மார்க்கும். அந்த வீட்டு அன்ரி படுக்கையறைச் சுவர் அலுமாரியைச் சாமியறை ஆக்கியிருந்தார். ஒரு பாதியில் பிள்ளையாரும் முருகனும். மறு பாதியில் சீலைகள் தொங்கின. நடுவில் விளக்கு. மார்க் என்னைப் பார்த்தான்.

"அன்ரி, இதுக்குள்ள விளக்குக் கொளுத்தக் கூடாது. சீலை பத்தும்."

"இவ்வளவு காலமும் பத்தேல்லையே, பிள்ளை."

"பத்தினா ஒருக்காத்தான், அன்ரி."

அவர் சிரித்தார். "தமிழ்ப் பிள்ளை நெருப்பு அணைக்க வந்திருக்கு. கொம்மா என்னண்டு விட்டவ? சரி, உங்கட வீட்டில எப்பிடி?"

"அப்பான்ர படத்துக்கு முன்னால விளக்கு எரியுது."

"இப்ப ஆர் வீட்டில நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப முதல் அங்க போய்ச் சொல்லும். பிறகு இங்க வாரும்."

அன்ரி என்ன சொன்னார் என்று மார்க் கேட்டான். நல்ல ஆலோசனை சொன்னார் என்றேன்.

பின்னேரம் அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெளிய போகேக்க விளக்கை நூர்த்திட்டுப் போவம்."

"ஊரார்ர நெருப்பெல்லாம் நூர்த்து முடிஞ்சுதோ? இனிக் கொப்பற்ற விளக்கோ?"

"பற்றரியில எரியிற விளக்கு ஒண்டு வைப்பம்."

"அவர் என்ன விளையாட்டுச் சாமானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார்.

"அப்பாவுக்கு வெளிச்சம் வேணுமெண்டா, நாங்கள் வீட்டில நிக்கேக்க கொளுத்தலாம் தானே?"

"கொப்பருக்கெண்டு ஆர் சொன்னது?" கத்தியை வைத்தார். "அவற்ற விளக்கை அந்தியேட்டியோட நூர்த்திட்டன். நீ உந்தப் பயிற்சிக்கெண்டு வந்திறங்கின அண்டைக்குத்தான் திரும்பக் கொளுத்தினனான். பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு அவரிட்டச் சொல்லிப் போட்டு."

நான் கதவில் சாய்ந்து நின்றேன். நான் நெருப்புக்குள் போன நாளெல்லாம் எனக்காக அம்மா வீட்டில் ஒரு நெருப்பை விட்டுப் போயிருக்கிறார். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு வேலை கொடுத்துவிட்டு என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அதையும் நூர்த்தா நான் எதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது?" என்று கேட்டார். இதற்குப் பயிற்சி எதுவும் தரவில்லை, அப்பா.

"ஒவ்வொருக்காவும் ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தவுடன உங்களுக்குப் போன் எடுக்கிறன்."

"சப்பாத்துக் கழட்ட முதல்."

"ஓம். கழட்ட முதல்."

அடுத்த நாள் காலை, வேலைக்குப் புறப்படும்போது, அம்மா வாசலில் இருந்து ஒரு செவ்வரத்தம் பூவைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வாயால் ஊதவில்லை. பூவால் திரியைத் தொட்டார். மெல்லிய புகை ஒன்று எழுந்தது. பழக்கத்தில் நான் கூரையில் இருந்த அலாரத்தைப் பார்த்தேன்.

"என்ன மேல பாக்கிறாய்? நட, நேரம் போகுது."

உங்கள் படம் சற்று மங்கலாகத் தெரிந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமல் கதவைப் பூட்டினார். காரில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தார்.

அம்மா உங்களிடம் ஒப்படைத்த வேலையை இனி நான் எடுத்துக்கொள்கிறேன், அப்பா. போகும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் திரும்பி வருவேன் என்று உங்களுக்கு வாக்குத் தர முடியாது. இது அப்படிப்பட்ட வேலை இல்லை, உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமும் இல்லை. அம்மாவைக் காத்திருக்க வைக்க மாட்டேன். அந்த வாக்கைத் தரலாம். வந்ததும் முதல் சொல் அவருக்கு.

இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் பின்னேரங்களில் உங்களுக்கு விளக்குக் கொளுத்துவோம். அப்போது நீங்கள் யாரையும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை. சும்மா எங்களோடு இருங்கள்.

இன்று வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்த
உங்கள் மகள்,
துளசி