வெள்ளை ஊற்றி அனுப்பிய விலாங்கு

கரகண்டா,
பிப்ரவரி 20.

அன்பு மகள் ஜிபெக்குக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் ஊர்க்கியா அத்தையும் உடம்பளவில் சுகம். ப்ரெமனில் நீயும் சுகம்தான் என்று போன ஞாயிறு தொலைபேசியில் உன் குரல் சொன்னது, என் குரலும் அன்று உனக்கு அப்படித்தான் சொல்லியிருக்கும் என்பதால் குரலை நம்பாமல் எழுத்தில் கேட்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அந்த இருமல் விட்டதா. பேசும் வசதி இருக்கும்போது அப்பா எதற்குத் தாளை எடுத்தார் என்று யோசிப்பாய். இந்த வீட்டில் இப்போது தொலைபேசியில் பேசுவது என்றால் அத்தையின் காதில் பேசுவது. நாளை ஜெர்மனிக்குப் பறக்கும் என் பழைய மாணவி ஒருத்தி இதை அங்கே இறங்கியதும் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மூன்று வருடம் கழித்து நவ்ரூஸ் பண்டிகைக்கு நீ வீட்டுக்கு வருகிறாய், மார்ச் பதினெட்டு விமானம், நான் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறேன் என்பதை அத்தை உனக்குச் சொல்லிக் கேலி செய்திருப்பாள். அந்த வருகையைப் பற்றித்தான் ஒன்று கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்டால் கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைப்பாய், அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உன் கடல்மீன் தொட்டி எப்படி இருக்கிறது என்று அன்று கேட்டாய், தெளிவாக இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. காலியான தொட்டி தெளிவாகத்தான் இருக்கும். மன்னித்துக்கொள், இதை வேறு எப்படிச் சொல்வதென்று மூன்று வாரமாகத் தெரியவில்லை. கடல்நீர் கலக்கும் முறையை நீ எழுதி ஒட்டிவிட்டுப்போன காகிதத்தை ஒரு வாரமும் மீறியதில்லை நான். வெள்ளிக்கிழமை காலையில் வடிகட்டியைத் திறந்து நீலப் பீப்பாயில் அறுபது லிட்டர் சொட்டவிடுவேன், பம்பையும் ஹீட்டரையும் போட்டு நீர் இருபத்தைந்து டிகிரிக்கு வந்தபின் இரண்டேகால் கிலோ உப்பைக் கை கையாகத் தூவுவேன், அது இராமுழுக்கச் சுழன்று கரையும், சனிக்கிழமை அளவுக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் முப்பத்தைந்து காட்டும். கடலை வரைபடத்தில் மட்டும் பார்த்த ஊரில் வாரத்துக்கு அறுபது லிட்டர் கடல் உற்பத்தி செய்தவன் நான். இதற்கு நம் ஊரில் பதக்கம் கிடையாது, நிலக்கரிக்குத்தான் உண்டு.

ஜனவரியில் அத்தை வீட்டில் வெப்பக் குழாய் வெடித்ததால் இங்கே வந்து தங்கினாள் என்பது உனக்குத் தெரியும். சுரங்கத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவள், மனிதர்களைக் கீழ்நோக்கிப் பார்த்தே பழகியவள், உன் தொட்டியின் முன்னால் மட்டும் நாற்காலி போட்டுத் தேநீர்க் கிண்ணத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். கோமாளி மீன் ஜோடியில் பெண் எது என்று கேட்டாள், பெரியது, முன்னால் போவது என்றேன். 'அப்ப இதுங்க முன்னேறின இனம்டா' என்று திருப்தியாகச் சொன்னாள். உன் கடல் விலாங்கு பாறைக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. அது வெளிச்சத்தில் தலைகாட்டாது, ஒரு மாதத் தங்கலில் எதற்குக் கிளப்புவது என்று விட்டேன். படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனம் எல்லாம் இப்படி நல்ல எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவள் கண்ணாடிக்குள் மணிக்கட்டுப் பருமனில், புள்ளி புள்ளியாக, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் ஒரு தலையைப் பார்த்தாள். வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்கக் கூடாது, தலையில் வெள்ளை, அதாவது பால், ஊற்றி வாசலைத் திறந்து மரியாதையாக வழியனுப்ப வேண்டும் என்று நம் எல்லோருக்கும் பால் குடிக்கும்போதே சொல்லிக்கொடுத்ததுதான். அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. தொட்டி மூடியைக் கழற்றி வைத்தாள், சந்தையிலிருந்து வாங்கி வந்த ஆடை எடுக்காத பாலில் ஒரு லிட்டரை அதன் தலைக்கு நேராக ஊற்றினாள், வீட்டு வாசலை முழுக்கத் திறந்துவிட்டாள், பிறகு உள்ளே போய்த் தொழுதாள். பால் கலந்த நீரில் மூச்சுமுட்டினால் விலாங்கு வெளியே தாவும், அது இயற்கை. தாவிற்று, மூடி இல்லை, தொட்டி அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி பால் பட்டுப் பொங்கியதில் தரையெல்லாம் நுரை, அதிலேயே வழுக்கிக்கொண்டு திறந்த வாசலை நோக்கிப் போயிருக்கிறது. எதிர்வீட்டு விக்தர் குப்பை வாளியோடு வெளியே வந்தவர் என்னைக் கூப்பிட்டு எழுப்பினார். 'கைரொல்லா, உன் வீட்டு ஆள் ஒருத்தர் படியிறங்கிக்கிட்டிருக்காரு, வெளியில சைபருக்குக் கீழ இருபத்தெட்டு டிகிரி குளிரு, செருப்புகூட இல்ல' என்றார்.

நான் ஈரத்துண்டோடு ஓடினேன். அத்தை பின்னாலேயே வந்து, 'பதறாதடா, கௌரவமா அனுப்பியிருக்கேன், எவ்வளவு அடக்கமாப் போகுது பாரு, வீட்டுக்கு நல்லது' என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவள் கணக்கில் நூறு வருடத்தில் இவ்வளவு சரியாக யாருக்கும் அமைந்திருக்காது, ஊற்றினாள், உடனே போயிற்று. மூன்றாவது படியில் நான் அதைத் துண்டில் சுருட்டித் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன், வெள்ளிக்கிழமை கலந்த நீர் பீப்பாயில் தயாராக இருந்தது, அதில் விட்டேன், உயிர் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை செருப்புப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், கத்தவில்லை. 'வெள்ளை ஊத்தி வழியனுப்பினதைக் கையால தூக்கிட்டு வந்திருக்கியேடா' என்றாள். 'அடிச்சுக் கொன்னவன் கதை தெரியும், விரட்டினவன் கதை தெரியும். திரும்பக் கூட்டிட்டு வந்தவன் கதை நான் கேட்டதே இல்ல. என்ன ஆகும்னு எனக்கே தெரியாது.' இதை யார் வாங்கி வைத்தது என்று கேட்டாள். நீ என்றேன்.

எனக்கு அப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. தொட்டியில் பாதி நீரையாவது உடனே மாற்றியாக வேண்டும், பீப்பாயில் விலாங்கு இருக்கிறது, வடிகட்டி நாள் முழுக்கச் சொட்டினால் அறுபது லிட்டர், எனக்கு வேண்டியது நூற்றைம்பது. குளியல் தொட்டியில் கலப்பது என்று முடிவு செய்தேன். பையில் மிச்சமிருந்த ஆறு கிலோ உப்பை மொத்தமாகக் கொட்டினேன், குளிர்ந்த நீர் சூடாக நேரமாகுமே என்று அதன்மேல் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் அமிலத்தை நீரில் விடு, நீரை அமிலத்தில் விடாதே என்று பிள்ளைகளைக் கரும்பலகையில் எழுதவைத்தவன், நீரில் உப்பைத் தூவுவதற்குப் பதில் உப்பில் நீரை விட்டேன், அதுவும் வெந்நீரை. நிமிடத்தில் நீர் முழுக்க வெள்ளையாயிற்று. அடர்த்தியான உப்பில் சூடு பட்டதும் சுண்ணாம்பு பிரிந்து வந்துவிட்டது, தொட்டியில் வளரும் உயிர்ப் பவளத்துக்கு அந்த நீர் உதவாது, இதை நான் தூக்கத்தில்கூட விளக்குவேன். அத்தை குளியலறை வாசலில் வந்து நின்றாள். 'நீயும் பாலு ஊத்தினியா?' என்று கேட்டாள். இல்லக்கா, சுண்ணாம்பு என்றேன். தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'நான் கொடுத்த வெள்ளையை அது திருப்பிக் கொடுக்குது' என்றாள்.

வேறு உப்பு இல்லை, அல்மாட்டியிலிருந்து வரப் பத்து நாள் ஆயிற்று. கோமாளி ஜோடி ஞாயிறு மதியத்துக்குள் போயின, பெண் முதலில். பவளங்கள் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, அதுதான் கொடுமை, விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தன, பிறகு உன் பச்சைச் சுத்தியல் பவளம் சதை கழன்று மிதந்தது, வியாழக்கிழமை வெறும் எலும்புதான் மிச்சம். நீ ஆறு வருடம் வளர்த்தது. நான் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், அதற்குமேல் எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை.

விலாங்கு மட்டும் நன்றாக இருக்கிறது. சமையலறை மேசைக்கு அடியில் அதே பீப்பாயில் இருக்கிறது, மேலே பலகையும் பலகைமேல் இரும்புக் கொப்பரையும் வைத்திருக்கிறோம். வாரம் இரண்டு முறை இறால் தின்கிறது. புது உப்பு வந்தபின் ஒழுங்கான முறையில் அதற்கு மட்டும் கடல் கலந்து கொடுக்கிறேன். முன்பெல்லாம் ஒளிந்தே இருக்கும், இப்போது பலகையை நகர்த்தினால் தலையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி நிற்கிறது. பீப்பாயில் ஒளிய ஒரு கல்லும் இல்லை, அதனால்தான். காரணம் எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் எனக்குக் காரணம் தெரியும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். எனக்கும் அத்தைக்கும் நடுவே ஓர் அண்ணன் இருந்தான், சாபித் என்று பெயர். மேய்ச்சல் வீட்டில் இருந்தபோது மெத்தைக்கடியில் வந்த பாம்பை எங்கள் அப்பா பால் எடுத்து வரும்வரை பொறுக்காமல் மண்வெட்டியால் அடித்தார், அந்த இலையுதிர் காலத்தில் சாபித் போனான். தொண்டை அடைப்பான் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான், அதுவும் வளர்ந்த பிறகு. அப்பா அதற்குப்பின் சாகும்வரை மண்வெட்டியைத் தொடவில்லை. இதை அத்தை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அவள் கேட்டது வேறு. 'அது இருக்கிற வீட்டுக்குள்ள நம்ம பொண்ணு காலெடுத்து வைக்கக் கூடாது. கொல்லவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது, கொடுத்தா வாங்கினவன் என்ன பாவம் பண்ணான். அதுவா போகணும்டா, அன்னிக்குப் போன மாதிரி' என்றாள். நான் கேட்காமல் மீன் கடைக்காரனை வரவழைத்தேன். நல்ல பையன், பெரிய வாளியோடு வந்தான். அத்தை அவனை உட்காரவைத்து, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, பாவுர்சாக் வைத்து, தேநீர் ஊற்றி ஊற்றிக் கொடுத்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். மூன்று கிண்ணம் குடித்தான். எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு, 'ஐயா, எனக்கும் வீட்டுல அம்மா இருக்காங்க' என்று சொல்லிவிட்டுக் காலி வாளியோடு போனான். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. உன் இருமல் எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டாள், பிப்ரவரி முதல் வாரம் என்றேன், அவள் தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். சொல்லாதவளோடு எப்படி வாதாடுவது.

நேற்று குழாய் வேலை முடிந்ததா என்று பார்க்க அத்தை தன் வீட்டுக்குப் போனாள். அவள் ஏறிய பேருந்து தெருமுனையில் திரும்பி மறையும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு கொப்பரையை இறக்கிப் பலகையை எடுத்தேன், வாசலைத் திறந்தேன், ஒரு கிண்ணத்தில் பால் எடுத்து அதன் தலையில் இரண்டு கரண்டி ஊற்றினேன். அதற்குமேல் ஊற்றினால் நீர் கெடும். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு செருப்புப் பலகையில் உட்கார்ந்தேன். விக்தர் வந்து எட்டிப்பார்த்து, 'என்னப்பா கதவெல்லாம் திறந்து கிடக்கு' என்றார். வீட்டைக் காத்தாட விடறேன் என்றேன். 'பிப்ரவரியிலயா?' என்று கேட்டார், என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்காமல் தன் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். ஒன்றரை மணிநேரம் இருந்தேன். அது வாசலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு அவசரமில்லாமல் அடியில் இறங்கிச் சுருண்டுகொண்டது. அது போகவில்லை. அன்று மூச்சுமுட்டியதால் போயிற்று, நேற்று நீர் சுத்தம், சூடு சரி, உப்பு முப்பத்தைந்து, போக அதற்கு ஒரு காரணமும் இல்லை. இதை எந்த வகுப்பறையிலும் நின்று நான் நிரூபித்துக் காட்டுவேன்.

ஜிபெக், அந்த டிக்கெட்டை மாற்று. பதினெட்டாம் தேதி வராதே. மே மாதம் வா, ஜூனில் வா, அதற்குள் நான் ஏதாவது செய்கிறேன், என்ன என்று இப்போது கேட்காதே. உன்னைப் பார்க்க எனக்கு அவசரமில்லை என்று நினைத்துவிடாதே.

தொலைபேசியில் இதைப் பற்றிப் பேச வேண்டாம், விடுமுறை கிடைக்கவில்லை என்று அத்தையிடம் நீயே சொல்லிவிடு, நான் கேட்டுக்கொண்டது அவளுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அவள் பயம் உறுதியாகிவிடும். நெஞ்சை ஒருமுறை படம் எடுத்துக் காட்டு, இருமல் நின்றிருந்தாலும் காட்டு, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் காகிதத்தை எனக்கு அனுப்பு, நான் படிப்பேன். நம்மில் பயணம் போகிறவர்களுக்குப் பாதை வெள்ளையாக இருக்கட்டும் என்று வாழ்த்துவது வழக்கம், எழுதினேன், அடித்துவிட்டேன், மேலே மை அப்பியிருப்பது அதுதான். நீ போகும் வழியும் வரும் வழியும் திறந்திருக்கட்டும், நூறு வயது இரு, என் வயதையும் சேர்த்து இரு.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
கைரொல்லா.