தேர் நேரத்தில் பாடிய பழைய லேப்டாப்

செவ்வாய், இரவு.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாட்டுப் போடத் தன் தம்பியின் புது லேப்டாப்பைத் தருவதாக, என்னைக் கேட்காமலே கமிட்டியிடம் என் மனைவி சாந்தி சொல்லியிருந்தாள். தேர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வந்த நேரம் பார்த்து அது தானாக அப்டேட் ஆகத் தொடங்கியது. பாட்டு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு ஓடி என் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தேன். லினக்ஸ் போட்டு, வேண்டாததையெல்லாம் நானே கழித்துவிட்ட மெஷின். திறந்ததும் பாடியது. தேர் நிலைக்கு வரும்வரை ஒரு தடவைகூடத் திக்கவில்லை. தங்கம்.

"இது அப்டேட் கேக்காதா மச்சான்?" என்றான் சாந்தியின் தம்பி.

"கேக்கும். வேணாம்னா சும்மா இருந்துரும்."

அடுத்த வருஷத்துக்கு இதையே தருவதாகக் கமிட்டியிடம் சாந்தி இப்போதே சொல்லிவிட்டாளாம். இந்த வீட்டில் என்னைக் கேட்டுச் செய்வது அந்த லேப்டாப் ஒன்றுதான்.