ஆயா மகளுக்கு நோட்டு தெரியும்

1938 மார்ச், சனிக்கிழமை.

பூந்தமல்லி பட்டாளத்து மண்டபத்தில் இன்று என் பியானோக் கச்சேரி. கூட்டம் முழுக்க வெள்ளைக்காரர்கள். வாசித்து முடித்ததும் நன்றாகவே கை தட்டினார்கள். அது பொறுக்கவில்லை போலிருக்கிறது, பன்னிரண்டு வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்த துரைசாணிக்கு. மேடையேறி இங்கிலீஷில் பேசினாள்.

"இவள் என் வீட்டு ஆயாவின் மகள். எழுதிவைத்த சங்கீத நோட்டு படிக்கத் தெரியாது. நான் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே கிளிப்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டாள்."

பச்சைப் பொய். நோட்டு படிக்கிற பரீட்சைக்கு என்னை அழைத்துப் போனதே அவள்தான்.

நான் எழுந்து, "இதுவரை நான் பார்க்காத நோட்டுத் தாள் ஏதாவது கொடுங்கள்" என்றேன். பேண்டு மாஸ்டர் ஒன்றை நீட்டினார். அதைக் கடைசிவரை வாசித்தேன். இந்தத் தடவை ஒருவரும் கை தட்டவில்லை. துரைசாணி என் காதருகே குனிந்து, "திங்கட்கிழமையிலிருந்து உன் அம்மா வேலைக்கு வர வேண்டாம்" என்றாள்.

வெளியே காத்திருந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். வண்டியில் அழுதுகொண்டே வந்தாள்.

"அவ இன்னா வேணா சொல்லிட்டுப் போறா. நீ வாய மூடிகினு இருந்தா இன்னாடி? இருவது வருசமா அந்த ஊட்டுக் கஞ்சிதானே குடிச்சோம்?"

"சும்மாவா குடிச்சோம்? நீ உழைச்சேம்மா" என்றேன்.

அம்மாவுக்கு வேலை போனதற்கு நான் வருத்தப்பட வேண்டும். வருத்தம் வரவில்லை. அந்தத் தாளில் கடைசி வரியில் ஒரு சுரம் தவறிவிட்டது. மண்டபத்தில் அதைக் கண்டுபிடித்தவள் துரைசாணி ஒருத்திதான். லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.