பித்தளைக் கப்பி

வால்சால், இங்கிலாந்து
11 ஜனவரி 1983

ரூனேவுக்கு,

ஹெவி மெட்டலை உருவாக்கிய குழுக்கள் எவை, ஒரு கேசட்டில் பதிந்து அனுப்ப இயலுமா என்று, ஏதோ நகராட்சிக்கு விண்ணப்பம் போடுவது போலக் கேட்டிருக்கிறாய். இயலும். கேசட் இத்துடன் இருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவில் நானே மைக்கில் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அதைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கேட்காதே.

முதலில் பிளாக் சப்பாத். இதில் விவாதமே கிடையாது. என் வீட்டு வாசலில் பஸ் பிடித்தால் அவர்கள் வளர்ந்த ஆஸ்டனில் போய் இறங்கலாம். அவர்களுடைய கிதார்காரர் தகடு வெட்டும் ஆலையில் இருந்தார். வேலையின் கடைசி நாளில் இயந்திரம் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. மனிதர் கிதாரை விற்கவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பு வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். பிறகு நரம்புகளைத் தளர்த்தினார். நரம்பு தளர்ந்தால் சுருதி இறங்கும். ஹெவி என்கிறார்களே, அந்தப் பாரம் அப்படி வந்ததுதான், யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததில்லை.

அடுத்து ஜூடாஸ் பிரீஸ்ட். அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள். நீ அனுப்பிய போட்டோவில் போட்டிருக்கும் ஆணி பதித்த தோல் சட்டை யாரைப் பார்த்து வந்தது என்று நினைக்கிறாய்? மோட்டர்ஹெட் இல்லாவிட்டால் இத்தனை சத்தமாக வாசிக்கலாம் என்று யாருக்கும் தைரியம் வந்திருக்காது. லண்டன்காரர்கள் என்பதற்காக அயர்ன் மெய்டனைத் தள்ளிவிட முடியாது, முயன்று பார்த்தேன். டீப் பர்ப்பிள்தான் முதலில் வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். கடைசியில் போட்டிருக்கிறேன். அவர்கள் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள். சப்பாத் வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள். வித்தியாசம் கேட்டால் தெரியும்.

பகலில் எனக்கு டிவி, டேப் ரிப்பேர் கடையில் வேலை. ஆனால் பதிவது வீட்டில், என் சொந்த டேப் ரெக்கார்டரில். மோட்டாரில் நாடா சுற்றும் கப்பி தேய்ந்துபோனதால், டெக்னிக்கல் கல்லூரி லேத்தில் நானே பித்தளையில் ஒன்று கடைந்து மாட்டினேன். கடையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது.

இன்னொன்று. ஹாலந்து, ஜெர்மனி என்று எந்த ஊரிலிருந்து கேசட் வந்தாலும், எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி வாசிக்கிறார்கள். உன் குழுவாவது நின்று நிதானமாக வாசிக்கட்டும்.

காலின் டாங்க்ஸ்

*

போர்லெங்கே, ஸ்வீடன்
6 பிப்ரவரி 1983

அன்புள்ள காலின் அண்ணனுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? இங்கே பனி ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. மற்றபடி எல்லாரும் நலம்.

கேசட் வந்த அன்றே மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். நான், பேஸ் வாசிக்கும் ஓலா, டிரம்ஸ் யர்மோ. மூவரும் உருக்காலையில் ஒரே ஷிப்ட். முதலில் உங்கள் குரல் வந்தது. ஓலா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "யப்பா, கரடி பேசுற மாதிரி இருக்கே. இவருக்கு அம்பது வயசாவது இருக்கும்டா" என்றான். அதனால்தான் அண்ணன் என்று அழைக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

பிறகு சப்பாத் வந்தது. அண்ணா, அதை எப்படி எழுதுவது? ஆலையில் பெரிய உருளை சுற்றத் தொடங்கும்போது காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியும். அது போல இருந்தது. எங்கள் ஊர்க் கடையில் சனிக்கிழமை நடனத்துக்கு வாசிக்கிறவர்களின் இசைத்தட்டுகள்தான் கிடைக்கும். இப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. என் ஒன்றுவிட்ட அண்ணனிடம் ஒரே ஒரு ஜூடாஸ் பிரீஸ்ட் தட்டு இருக்கிறது. போய்க் கேட்டால் அதில் அவசர அவசரமாக வாசிக்கிறார்கள். உன் பிளேயர் கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். கோபித்துக்கொண்டான்.

எங்களிடம் சுருதி சேர்க்கக் கருவி எதுவும் இல்லை. உங்கள் கேசட்டை ஓடவிட்டு அதோடு சேர்த்துக்கொள்கிறோம். நரம்பெல்லாம் துணி காயப்போடும் கயிறு மாதிரித் தொங்குகிறது. குழுவுக்கு ஸ்லாக் என்று பெயர் வைத்திருக்கிறோம். உலையில் மிஞ்சும் கசடு. உங்கள் ஆசி வேண்டும்.

என்றும் அன்புடன்,
ரூனே அல்கிரேன்

*

வால்சால்
12 செப்டம்பர் 1983

ரூனேவுக்கு,

என் குரல் கரடியா? அம்மாவிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. உன் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார். ஆசியெல்லாம் என்னிடம் இல்லை.

நீங்கள் பதிந்து அனுப்பிய கேசட்டைக் கேட்டேன். முகத்துக்காகப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பாட்டுகள் நல்ல பாட்டுகள். இரண்டாவது பாட்டின் நடுப்பகுதியை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருந்தது. ஆனால் ஏன் ஓடுகிறீர்கள்? கலிஃபோர்னியாவிலிருந்து மெட்டாலிகா என்று ஒரு குழு, இந்தக் கோடையில் முதல் தட்டு போட்டிருக்கிறார்கள். அவர்களும் ஓடுகிறார்கள், ஆனால் எங்கே போகிறோம் என்று தெரிந்து ஓடுகிறார்கள். நீங்கள் ஓடுவது பயத்தில் ஓடுவது போல இருக்கிறது. பாடுகிறவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டி கத்துகிறது. வேறு ஆளைப் பாருங்கள்.

சப்பாத் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நீங்கள் சின்னப் பையன்கள். அவ்வளவுதான்.

காலின்

*

போர்லெங்கே
16 அக்டோபர் 1983

அன்புள்ள காலின் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மனதில் பட்டதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பாடுகிறவன் நான்தான். அதை முன்பே எழுதாதது என் பிழை.

இப்போது உங்கள் யோசனை உடனே தேவைப்படுகிறது. ஸ்டாக்ஹோமில் ஒருவர் எங்கள் இரண்டு பாட்டுகளைத் தட்டாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். நவம்பர் 19, சனிக்கிழமை, ஃபாலுன் ஊர் ஸ்டூடியோவில் பதிவு. அந்த ஒரு நாள்தான். ஜனவரியில் யர்மோ ராணுவப் பயிற்சிக்குப் போகிறான், ஓலாவுக்கு மனைவி ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. இந்தத் தட்டு மட்டும்தான் ஸ்லாக் என்று ஒரு குழு இருந்தது என்பதற்கு மிஞ்சப்போவது.

ஸ்டூடியோக்காரர் ஸ்டூரே எங்களைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாங்கள் வாசிப்பது எந்தத் தட்டிலும் இல்லாத அளவுக்குத் தாழ்ந்த சுருதியாம். "இது சேறு. சேத்தைப் பதிவு பண்ண முடியாது. ஊரு உலகம் வாசிக்கிற மாதிரி ஏத்திட்டு வாங்க" என்றார். ஓலா முடியாது என்கிறான். யர்மோ ஏற்றலாம் என்கிறான். நான் நடுவில் நிற்கிறேன். நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன். ஸ்டூடியோ போன் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
ரூனே

*

வால்சால்
29 அக்டோபர் 1983

ரூனேவுக்கு,

நீதான் பாடுகிறாய் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பதமாக எழுதியிருப்பேனா என்று யோசித்தேன். எழுதியிருக்க மாட்டேன். ஆனால் யோசித்தேன்.

உன் கேசட்டைச் சப்பாத் தட்டோடு ஒத்துப் பார்த்தேன். அவர்கள் தளர்த்திய அதே அளவுதான், ஒரு மயிரிழை இறக்கமில்லை. ஸ்டூரே அதற்கும் கீழே என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இதற்கிடையில் நீங்கள் இன்னும் தளர்த்தியிருக்க வேண்டும். ஸ்டூடியோவில் இருக்கிறவன் அளவுக் கருவியைப் பார்த்துப் பேசுகிறான். அவன் சொல்வதைக் கேள். ஏற்று.

காலின்

*

வால்சால்
19 நவம்பர் 1983, சனி பிற்பகல்

அட முட்டாளே,

போனை ஏன் வைத்தாய்?

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்று எழுதினேன் இல்லையா, அது மூன்று வாரமாகப் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. இன்று காலை உன் கேசட்டைக் கடைக்கு எடுத்துப்போய், அப்போதுதான் சரிபார்த்து வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் மெஷினில் போட்டேன்.

ரூனே, மலை நகர்ந்து வந்தது. கடை முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, "என்னடா அது, வெளிய லாரியா?" என்றார். ஆட்டுக்குட்டி எங்கே? சுரங்கத்துக்கு அடியிலிருந்து ஒரு மனிதன் பாடுகிறான். அவசரமே இல்லை. சப்பாத்துக்கும் கீழே, யாரும் போகாத இடத்தில் நின்று வாசிக்கிறீர்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து என் மெஷினைக் கழற்றினேன். நான் கடைந்த பித்தளைக் கப்பி கொஞ்சம் பருமன். கப்பி பருத்தால் நாடா வேகமாக ஓடும். வேகமாக ஓடும்போது பதிந்ததை உன் வீட்டு மெஷின் சரியான வேகத்தில் ஓட்டினால், எல்லாம் மெதுவாகவும் கனமாகவும் கேட்கும். என் குரலும்தான். உன் கேசட் என்னிடம் வந்தால் எல்லாம் தலைகீழ். ஐரோப்பாவில் ஒருவனும் ஓடவில்லை. என் மெஷின்தான் ஓடியிருக்கிறது. ஊருக்கெல்லாம் டேப் ரிப்பேர் செய்கிறவன் நான்.

உடனே ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். "ஏத்தாதே, கப்பி, என் கப்பிதான் தப்பு" என்று நான் கத்த, நீ "காலின் அண்ணன் குரல் எனக்குத் தெரியும், தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுபடி போட்டால் எடுக்க ஆளில்லை.

அந்தக் கிதார்காரருக்கு ஆலை செய்ததை உங்களுக்கு என் கப்பி செய்திருக்கிறது. அவர் அதை விட்டுவிடவில்லை. நீங்கள் விட்டிருப்பீர்கள், நான் விடச் சொன்னதால்.

காலின்

*

போர்லெங்கே
27 நவம்பர் 1983

அன்புள்ள தம்பி காலின்,

ஆமாம், தம்பிதான். எனக்கு இருபத்து நாலு வயது. உனக்கு அதைவிடக் குறைவு என்று எழுதாமலே தெரிகிறது.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நீ எழுதியபடியே நரம்பை ஏற்றினோம். ஒரு பாட்டைப் பதிந்தோம். எல்லாம் சுத்தம். ஸ்டூரே கட்டைவிரலை உயர்த்தினார். பதிந்ததைக் கேட்டபோது நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. யர்மோதான் வாயைத் திறந்தான். ஏற்றலாம் என்று சொன்னவனே அவன்தானே. "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

அப்போதுதான் போன் வந்தது. கீச்சுக் குரலில் ஒரு பையன், கப்பி கப்பி என்று கத்தினான். நடனக் குழுப் பையன்கள் யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து வைத்துவிட்டேன். பிறகு எல்லாரும் தெருமுனைக்கு ஏலக்காய் ரொட்டி சாப்பிடப் போனோம். அதனால்தான் மறுபடி யாரும் எடுக்கவில்லை. அங்கே ஓலா கேட்டான்: "அந்தப் பையனுக்குக் கப்பி பத்தி எப்படிடா தெரியும்? காலின் அண்ணன் லெட்டர்லதான அது இருக்கு?"

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினோம். உன் கேசட் எப்போதும் போல கிதார்ப் பெட்டியில் இருந்தது. ஸ்டூரேயின் மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. கேசட்டைப் போட்டு, கரடி பேசத் தொடங்கியதும் மெல்லத் திருகச் சொன்னேன். கரடி நரியானது. நரி பூனையானது. சட்டென்று அறைக்குள் நீ நின்றாய், போனில் கத்திய அதே பையன், சப்பாத்தில் விவாதமே கிடையாது என்று சொல்லிக்கொண்டு. யர்மோ சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றுவிட்ட அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

ஸ்டூரே திருகை மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சப்பாத் மறுபடி இறங்கி வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். "நிஜத்துல இது எங்கயும் கிடையாது" என்றார். ஓலா சொன்னான்: "இருக்கு சார். எங்ககிட்ட இருக்கு." அவர் மைக்கைச் சரிசெய்யப் போனார். நாங்கள் நரம்பை இறக்கினோம், உன் கேசட்டோடு சேர்த்து. இரண்டு பாட்டையும் இருட்டுவதற்குள் பதிந்து முடித்தோம்.

உன் கடிதம் வியாழன்தான் வந்தது. முட்டாள் என்று தொடங்கியிருந்தாய். மூன்று பேரும் மாறி மாறிப் படித்தோம்.

உன் அண்ணன்,
ரூனே

*

வால்சால்
3 மார்ச் 1984

அன்புள்ள ரூனே அண்ணனுக்கு,

சிரிக்காதே. ஒரு தடவைதான் எழுதுவேன்.

தட்டு வந்தது. புதுக் கப்பி மாட்டியாகிவிட்டது, ஆனால் தட்டுக்கு அது தேவையில்லை. இசைக்கவை வைத்துச் சரிபார்த்தேன். தொடக்கம் முதல் முடிவு வரை தப்பு. எதோடும் ஒத்துப்போகவில்லை. அலமாரியில் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இட நெருக்கடியால் பர்ப்பிள் தள்ளிப்போக வேண்டியதாயிற்று.

என் அப்பாவைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. இரும்பை நெருப்பில் காய்ச்சி நீராவிச் சம்மட்டியால் அடிக்கும் பட்டறையில் வேலை. காது பாதி போய்விட்டது. அந்தப் பாதிக் காதிலும் நான் போடும் சத்தம் லேசில் ஏறாது, ஏறினால் செருப்பால் சுவரைத் தட்டுவார். சப்பாத்துக்கும் தட்டியிருக்கிறார், பிரீஸ்ட்டுக்கும் தட்டியிருக்கிறார்.

நேற்று உங்கள் இரண்டாவது பாட்டு ஓடும்போது அடுப்படியிலிருந்து வந்தார். கையில் சிப்ஸ் பொட்டலம். நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பாட்டு முடியும் வரை நின்றார்.

"யாருடா இவனுங்க? நம்ம ஊர்ப் பசங்களா?"

ஆமாப்பா என்றேன்.

காலின்